புள்ளி பெரிசா வரட்டும்

பெறுபேறு வந்த கிழமை
மத்திய வீதியில் எங்கள் அச்சகத்துக்கு
இரவு பதினொன்றுக்கும் ஆள் வரும்.
பத்து வயது முகங்களைப்
பென் டிரைவில் கொண்டுவருவார்கள்.
நான் கழுத்துப்பட்டியை நேராக்குவேன்.
கன்னத்துச் சின்னமுத்துத் தழும்பை அழிப்பேன்.
பின்னால் தெரியும் தகரவேலியை
நீல வானமாக்குவேன்.

"முகத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கோ தங்கச்சி,
புள்ளி பெரிசா வரட்டும்"
என்றார் ஒரு தகப்பன்.
ஆக்கினேன்.
நூற்று அறுபத்தேழின் ஏழுக்குப் பின்னால்
அந்தப் பிள்ளை முழுதாக ஒளித்துக்கொள்ளலாம்.

என் மகன் மிதுலனுக்கு
வெட்டுப்புள்ளிக்கு இரண்டு குறைவு.
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.
எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடி மேசைக்கு அங்கால்
எந்நேரமும் ஒரு வழக்கு நடக்கும்.
ஓட்டோ ஞானசீலன் தொடங்குவார்:
"முதல்நாள் இரவு முழுக்கப் பிள்ளை சத்தி.
இது பிள்ளையளுக்குச் சோதனையோ
தாய்மாருக்குச் சோதனையோ?"

கின்னியாவிலிருந்து வந்த றம்சீன்:
"எங்கட ஸ்கூல்ல ஒரு புள்ளதான் பாஸ்.
மத்த முப்பத்தொரு புள்ளயும்
அந்தப் பெனருக்குக் கீழாலதானே
நாளைக்கு உள்ள போகணும்?"
சொல்லிவிட்டு,
பன்னிரண்டுக்கு எட்டு என்று
அளவையும் சொன்னார்.

நளாயினி ரீச்சர் குரலை உயர்த்தவில்லை.
"நிறுத்துங்கோ. நல்லது.
பிறகு பெரிய பள்ளிக்கூடத்துக் கேற்றை
ஆர் திறக்கிறது?
டொக்டர்மாரின்ர போன் திறக்கும்.
நான் குச்சவெளியில இருந்து வந்தனான்.
அப்பாவுக்கு ரவுனில ஒருத்தரையும் தெரியாது.
என்னைத் தெரிஞ்சது
அந்த ஒரு தாளுக்குத்தான்."

ஞானசீலன் திறப்பைச் சுழற்றிக்கொண்டு
வெளியே பார்த்தார்.
என்னிடமும் பதில் இல்லை.
ஆனால் ரீச்சர்,
அந்தத் தாளுக்கு
என் பிள்ளையைத் தெரியவில்லையே.

மாதிரி வினாத்தாள் ஒன்றில்
நாலு படம்: மீன், நண்டு, படகு, இறால்.
பொருந்தாததைக் கீறு.
நண்டைக் கீறியிருந்தான்.
ஏனடா?
"அதுதான் அம்மா உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.
கை காலெல்லாம் தடிக்கும்."
அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.
இரண்டு ரியூசனுக்குக் காசு கட்டியவள்.
அழிறப்பரால் கோட்டைத் தேய்த்துப்
படகின் மேல் விரலை வைத்தேன்.

உண்மையைச் சொன்னால்,
இந்தக் கணினிக்குள் ஒரு கோப்பு இருக்கிறது.
சோதனை முடிந்த அன்றே செய்தது.
இருபதுக்குப் பத்து.
மிதுலன் சிரிக்கிறான், முன்பல் ஒன்று இல்லை,
அந்தப் பல்லை நான் வரைந்து வைத்திருக்கிறேன்.
வாழ்த்துபவர்கள் பெயர்கூட உண்டு.
புள்ளிக்கு விட்ட இடம் மட்டும் வெள்ளை.
அழி என்று அமத்தினால்
நிச்சயமா என்று கேட்கிறது.
ஒவ்வொரு நாளும் கேட்கிறது.

மூன்றாம் நாள் ஒரு முறைப்பாடு.
கோட்டைப் பக்கம் கட்டிய பெனரில்
மான்கள் கீழ் மூலையைச் சப்பிவிட்டன.
பாராட்டுகிறோம் என்பதில்
றோம் இல்லை.
திரும்ப அடித்துத் தரவேண்டுமாம், பாதி விலைக்கு.
மான் செய்ததற்கு நான் என்ன செய்ய என்றேன்.
அடித்தும் கொடுத்தேன்.

விளிம்பு வெட்டுவது என் கை.
இரும்பு அடிமட்டம், கத்தி,
இரண்டு அங்குலம்.
பள்ளி விட்டு வரும் மிதுலன்
மேசைக்கடியில் குந்தி
விழுகிற துண்டுகளைப் பொறுக்குகிறான்.
அடுத்த வருசக் கொப்பிகளுக்கு உறை.
மழைக்கு நனையாதாம்.
எல்லாம் நான் செய்த நீல வானம்.
கணக்குக் கொப்பிக்கு மட்டும்
மை சிந்திக் கழித்ததில் ஒரு துண்டு:
அரைவாசி ஏழு.

"இது ஆற்றை, அம்மா?"

தெரியாது என்றேன்.
அவன் ஏழை உட்பக்கமாய் மடித்து
ஒட்டத் தொடங்கினான்.
பிறகு என்ன நினைத்தானோ,
பிரித்து
வெளியே தெரியவிட்டான்.